ஆய்வு ஏட்டில், பிள்ளை இருட்டில்!

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுள் ஆங்கிலவழிப் பிரிவு நடைபெறும் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் காணக்கூடிய காட்சி இது. ஐந்தாம் வகுப்பு, அறிவியல் பாடம். நீர் ஆவியாதல் பற்றிய ஆங்கிலத் தொடரை ஆசிரியர் உரக்கப் படிக்கின்றார். பிள்ளைகள் அதனை உரக்கத் திருப்பிச் சொல்கின்றனர். ஒரு முகத்திலேனும் தெளிவில்லை. ஆசிரியருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வாயிற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அதே செய்தியைத் தமிழில் சொல்கின்றார். உடனே கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "கொடியில காயுற ஈரத்துணித் தண்ணியெல்லாம் அப்படித்தான் போவுதா ஐயா?" என்று கேட்கின்றாள். வகுப்பே விழித்துக்கொள்கின்றது. காற்றடித்தால் ஏன் விரைவாய்க் காய்கிறது, மழைநாளில் ஏன் காய்வதில்லை, உப்பளத்தில் நீர் போனபின் உப்பு மட்டும் ஏன் நின்றுவிடுகிறது என்று வினாமேல் வினா எழுகின்றது.

ஆனால், தேர்வு ஆங்கிலத்தில்! ஆகவே அந்த வினாக்களெல்லாம் அப்படியே அடக்கப்படுகின்றன. கரும்பலகையில் ஆங்கில விடை எழுதப்படுகின்றது. பிள்ளைகள் அதனைப் படியெடுக்கின்றனர். வீட்டில் ஐந்து முறை எழுதிவரப் பணிக்கப்படுகின்றனர். தேர்வுக்கு முதல்நாள் இரவு நூறு முறை ஓதி, மறுநாள் தாளில் கொட்டிவிட்டு வருகின்றனர். மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. அடுத்த கிழமை அச்சிறுமியைக் கேட்டால் அவளுக்கு ஈரத்துணிதான் நினைவிருக்கும். ஆங்கிலத் தொடர் போன இடம் தெரியாது.

அந்த ஒரு பாடவேளைக்குள் நடந்தவற்றுள் எது எது குழந்தையின் அறிவைத் திறந்தது, எது எது அடைத்தது என்பதைக் கல்வி ஆய்வாளர்கள் நூற்றாண்டுக்கு மேலாக ஆய்ந்து, எண்ணிக் கணக்கிட்டு, நிறுவிவைத்திருக்கின்றனர். அடைத்தது எதுவோ அதையே நாள்தோறும் செய்யச் சொல்கிறது இங்குள்ள பள்ளிக்கூட நடைமுறை. மருத்துவத்துறையில் இப்படி ஒன்று நடந்தால் நாடு பொறுக்குமா? நச்சுத்தன்மையுடையதென்று மெய்ப்பிக்கப்பட்ட மருந்தை மருத்துவமனைதோறும் ஊற்றிக்கொண்டிருந்தால் ஊர் திரண்டெழாதா? குழந்தையின் அறிவுக்கு ஊற்றப்படும் நஞ்சுக்கு மட்டும் ஏன் இத்துணைப் பொறுமை?

குழந்தைக்குத் தெரிந்த மொழியிற் சொன்னாற்றான் குழந்தைக்குப் புரியும் என்பது ஆய்ந்து நிறுவவேண்டிய செய்தியே அன்று. கன்றை நக்கும் பசுவுக்கும் தெரிந்த உண்மை அது. ஆயினும் அதனையும் ஆய்ந்து நிறுவிவிட்டனர். யுனெசுகோ அமைப்பு 1953இலேயே தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என்று உலகறிய எழுதிவைத்தது. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் கல்விக்குழுவும் அதனையே வலியுறுத்தியது. இவை அறிஞர் கூடி உரைத்த முடிபுகள். செய்து பார்த்த சான்று வேண்டும் என்பார்க்கு நைசீரியாவின் இஃபே நகரம் இருக்கின்றது.

அந்நாடும் ஆங்கிலேயனிடம் அடிமைப்பட்டு மீண்ட நாடே. அங்கு யொருபா மொழி பேசும் பகுதியில் முதல் மூன்றாண்டு தாய்மொழியிலும், பின் மூன்றாண்டு ஆங்கிலத்திலும் தொடக்கக் கல்வி நடைபெற்றுவந்தது. 1970இல் இஃபே பல்கலைக்கழகப் பேராசிரியர் பாபுசு ஃபபுன்வாவும் அவர்தம் குழுவினரும் துணிந்து ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஒரு சாரார் வழக்கம்போற் படித்தனர். மற்றொரு சாரார்க்கு ஆறாண்டும் எல்லாப் பாடமும் யொருபாவிலேயே. ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு மொழிப்பாடம் மட்டுமே. ஆனால் அதனை அம்மொழியில் நன்கு தேர்ந்த தனியாசிரியர் கற்பித்தார். யொருபாவிற் கற்றோர் கணக்கிலும் அறிவியலிலும் முந்தினர். அதுவன்று வியப்பு. ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை என்பதே வியப்பு! ஆங்கிலவழியிற் பயின்றாற்றான் ஆங்கிலம் வரும் என்னும் மூடநம்பிக்கை அங்கே உடைந்தது. ஃபபுன்வா பின்னர் அந்நாட்டின் கல்வியமைச்சராகவும் அமர்ந்தார். தமிழ்நாட்டிலோ, அத்தகைய ஆய்வு முடிந்து ஒரு தலைமுறை கழிந்தபின், 2012-13 முதலாக அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் ஊரூராய்த் திறக்கப்பட்டன. எவ்வாய்வின் அடிப்படையில்? தனியார் பள்ளி வாயிலில் நீளும் வரிசையே இவர்கள் கண்ட ஆய்வு!

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். தமிழ்வழிக் கல்வியில் கலைச்சொல்லே பாதி ஆசிரியர். ஒளிச்சேர்க்கை என்ற மாத்திரத்தில் ஒளிக்கும் சேர்க்கைக்கும் ஏதோ தொடர்புண்டு என்று குழந்தை உய்த்துணர்கின்றது. முதுகெலும்பி என்றதும் தன் முதுகைத் தடவிப் பார்க்கின்றது. அவற்றின் ஆங்கிலச் சொற்களோ கிரேக்கமும் இலத்தீனும். இங்கிலாந்திற் பிறந்த குழந்தைக்கே அவை இருட்டு. அவ்விருட்டைத் தமிழ்க் குழந்தைக்கு விலைகொடுத்து வாங்கித் தருவானேன்?

மொழி ஒருபுறம் நிற்க. படியெடுத்தலும் ஓதுதலும் பற்றி ஆய்வு சொல்வது இன்னும் கூர்மையானது. ஏனெனில் இக்கேடு ஆங்கிலவழி வகுப்போடு நில்லாமல் தமிழ்வழி வகுப்பையும் தின்றுகொண்டிருக்கின்றது. தமிழ்வழியில் நடக்கின்றது என்பதற்காகவே ஒரு வகுப்பு நல்ல வகுப்பாகிவிடாது என்பதைத் தமிழ்ப்பற்றாளர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2006இல் அமெரிக்காவின் செயிண்டு லூயி நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோடிகர், கார்ப்பிக்கு என்னும் இருவர் ஓர் ஆய்வு செய்தனர். மாணவர்க்கு ஓர் உரைநடைப் பகுதி தரப்பட்டது. ஒரு சாரார் அதனை இருமுறை படித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை படித்து, பின்னர்த் தாளை மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றதையெல்லாம் எழுதிப் பார்த்தனர். ஐந்து மணித்துளி கழித்துத் தேர்வு வைத்தபோது இருமுறை படித்தோரே வென்றனர். அவர்கள் 81 விழுக்காடும் மற்றவர் 75 விழுக்காடும் நினைவிற் கொண்டிருந்தனர். ஒரு கிழமை கழித்துத் தேர்வு வைத்தபோதோ நிலைமை தலைகீழ். இருமுறை படித்தோரிடம் எஞ்சியது 42 விழுக்காடு. மூடிவைத்து நினைந்தெழுதியோரிடம் 56 விழுக்காடு!

இந்த நான்கு எண்களையும் ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் எழுதித் தொங்கவிட வேண்டும். பார்த்துப் படிப்பதும் பார்த்து எழுதுவதும் நாளைக் காலைத் தேர்வுக்கு உதவுவதுபோல் தோன்றி ஏமாற்றும். ஒரு கிழமையில் ஓடிவிடும். பொத்தகத்தை மூடி, உள்ளத்தினின்று வெளிக்கொணர்வதே உள்ளத்தில் நிற்கும். ஐந்து முறை படியெடுக்கச் சொல்வதில் கை தேயுமேயன்றி அறிவு வளராது. அதற்குச் செலவிடும் நேரத்திற் காற்பங்கு போதும், பிள்ளை தன் சொல்லில் ஒருமுறை நினைந்தெழுத.

இதனைக் கேட்டவுடன், "இது பழைய உருப்போடும் முறைதானே?" என்று குறுக்கிடுவார் உளர். அன்று. பொருளறியாமல் ஓசையை மட்டும் விழுங்குவது உருப்போடுதல். பொருளுணர்ந்ததை உதவியின்றி நினைந்து சொல்வது வேறு. முன்னதற்குப் புரியாத மொழியே போதும்; பின்னதற்குப் புரிந்த மொழி வேண்டும். ஆகவேதான் தாய்மொழி முதற்படி. நினைந்துரைத்தல் அதன்மேல் ஏறும் அடுத்த படி.

இடைவெளிவிட்டுப் பயில்வதைப் பற்றிய ஆய்வோ இன்னும் பழையது. செருமானியராகிய எபிங்கவுசு பொருளற்ற அசைகளைத் தாமே ஓதித் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி 1885இல் நூல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை தொடர்ந்தோதிப் பெற்ற பயனை, மூன்று நாளுக்குப் பகுத்து 38 முறை ஓதியே பெற முடிந்தது என்று அவர் கண்டார். ஆனாலும் தேர்வுக்கு முதல்நாள் இரவே இன்றும் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக இருக்கின்றது.

வெளிநாட்டார் ஆய்வுகளாகவே அடுக்கப்படுகின்றனவே, தமிழர்க்கு இதில் என்ன இருக்கின்றது என்று எண்ண வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் திறந்து பார்க்கட்டும் கல்வித்துறையினர். பாடம் கேட்கும் முறைமையை அங்கே அவர் வகுத்திருக்கின்றார். கேட்டதை நினைந்து பார்த்தல், மீண்டும் சென்று கேட்டல், உடன்பயில்வாரோடு பழகுதல், வினவுதல், வினவியதற்கு விடைசொல்லுதல் எல்லாம் மாணவன் கடமையாக அங்குச் சொல்லப்படுகின்றன. இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆசிரியர் சொல்வதை எத்துணை நன்றாகக் கேட்டாலும் நான்கில் ஒரு பங்கே வரும். உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு பங்கு வரும். எஞ்சிய இரு பங்கும் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வரும் என்று பங்குபோட்டும் காட்டுகின்றார். நினைவைத் திரும்ப அழைத்தல், இடைவெளிவிட்டு மீளக் கேட்டல், கற்பித்துக் கற்றல் என்று இன்றைய ஆய்வாளர் பெயர்சூட்டிக் கொண்டாடும் மூன்றும் அங்குள்ளன. புலவர் பட்டத்திற்குப் படித்தோர் எல்லாரும் தேர்வுக்காக அந்நூற்பாக்களை ஓதியவர்களே. வகுப்பறைக்குள் அதனைக் கொண்டுசென்றோர் எத்துணைப் பேர்?

பவணந்தியார் சொன்னது ஏட்டோடு நின்றுவிடவில்லை. திண்ணைப் பள்ளிகளில் அது வழங்கியது. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு முறை சொல்லிக்கொடுப்பான். இளையோர் மணலில் விரலால் எழுதி, வாயாற் சொல்லிப் பயில்வர். அழித்தெழுதச் செலவில்லை, எழுதுவதற்குத் தாளுமில்லை, ஆகவே படியெடுக்கும் நோயுமில்லை. 1826இல் சென்னை ஆளுநன் தாமசு மன்றோ எழுதிய குறிப்பில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று காணப்படுகின்றது.

அவ்வாறு மணலில் எழுதிய பிள்ளைகளைக் கண்டவன் ஒரு வெள்ளையன். ஆண்ட்ரூ பெல் என்பது அவன் பெயர். இசுக்காட்லாந்தின் ஃபைஃப் மாவட்டத்திலுள்ள செயிண்டு ஆண்ட்ரூசு நகரிற் பிறந்தவன். 1787இல் சென்னைக்கு வந்தவன். 1789இல் எழும்பூரில், படைவீரர்தம் தாய்தந்தையற்ற ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த பள்ளியை நடத்தும் பொறுப்பு அவனிடம் வந்தது. ஒருநாள் வழியில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கண்டான். மலபார்ப் பள்ளி என்று அதனைக் குறித்தான். தமிழரை மலபாரியர் என்றழைத்த அறியாமை அந்நாளைய ஐரோப்பியர் பலர்க்கு உண்டு. அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். அதனைத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னான். அவனுக்குக் கீழிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு அகவைச் சிறுவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தான். பிள்ளைகள் கற்றனர்!

1796இல் கப்பலேறிய பெல், மறு ஆண்டே இலண்டனில் அதனை ஒரு நூலாக்கி வெளியிட்டான். 'சென்னை முறை' என்ற பெயரோடு அஃது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் அம்முறையில் நடந்தன. 1832இல் இறந்த அவன் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு எழுந்த பள்ளி, அவன் பிறந்த ஊரில் இன்றும் சென்னையின் ஆங்கிலப் பெயரைத் தாங்கி 'மெட்ராசு கல்லூரி' என்றே நிற்கின்றது. சென்னையில் அப்பெயர் மாறிவிட்டது, அங்கு மாறவில்லை.

கதை இன்னும் முடியவில்லை. அதே ஃபைஃப் மாவட்டத்தில், அண்மைக் காலத்தில், 129 தொடக்கப்பள்ளிகளைக் கொண்டு ஈராண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. எந்தப் பள்ளிக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஆய்வு முடிவு 2011இல் வெளிவந்தது. மூத்த வகுப்புப் பிள்ளைகள் இளைய வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்த இடங்களில் இரு சாராரும் முன்னேறினர் என்பதே அது. கற்றவன் மட்டுமல்லன், கற்பித்தவனும்! பவணந்தியார் கொடுத்த இருபங்கு அங்கே எண்ணிக்கையாய் வெளிப்பட்டது. பெல் கொண்டுபோன விதை அவன் மண்ணில் இருநூறாண்டுக்குப் பின்னும் ஆய்ந்து போற்றப்படுகின்றது. விதை கொடுத்த மண்ணில், பக்கத்துப் பிள்ளையிடம் பேசினால் முட்டிக்கால் போடவைக்கின்றனர்.

திண்ணைப் பள்ளியைத் தெய்வமாக்கித் தொழவேண்டும் என்பதன்று இதன் கருத்து. அங்குப் பிரம்பு ஓயாமற் பேசியது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பலர்க்கும் பெண்பிள்ளைகளுக்கும் அத்திண்ணை எட்டவில்லை. தாழ்த்தி வைக்கப்பட்டோர்க்கு அத்தெருவே எட்டவில்லை. பிறப்பில் உயர்வுதாழ்வு கற்பித்த ஆரியக் கேட்டின் கறை அது. அக்கறையைக் கழுவித் தூக்கியெறிய வேண்டும். ஆனால் கறையோடு சேர்த்துத் துணியையும் எறிந்துவிட்டு அம்மணமாய் நிற்பது அறிவுடைமையா? மெக்காலே 1835இல் எழுதிய குறிப்புக்குப் பின் வந்த கல்வி அதைத்தான் செய்தது. ஆண்டான் மாறிய பின்னும் அது தொடர்கின்றது.

அப்படியானால் ஆய்வுகள் ஏன் வகுப்பறைக்கு வரவில்லை? வந்ததும் உண்டு, வந்த விதத்தை நோக்கினாற்றான் நோய் விளங்கும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திரத்தின் இரிசிவேலிப் பள்ளியினர் கண்ட முறையின் வழிவந்தது அது. 2007-08இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பிள்ளைகள் பாயிலமர்ந்து, ஏணிப்படி போல் அமைந்த அட்டைகளை எடுத்து, தத்தம் விரைவிற் கற்றனர். எழுதுவதற்குக் கைக்கெட்டும் உயரத்திற் கரும்பலகையும் இருந்தது. அதன் உள்ளீடு நல்லதே. தமிழிலும் நடந்தது. ஆனால் அஃது ஆசிரியர்க்கு ஆணையாக வந்தது, அறிவாக வரவில்லை. ஏன் இந்த ஏணி, ஏன் இந்த வரிசை, எந்தப் பிள்ளைக்கு இது பொருந்தாது என்று வினவவோ, மாற்றிச் செய்து பார்க்கவோ வாய்ப்பற்ற ஆசிரியர்கள் அட்டையைப் பார்த்தனர். பார்வையிட வந்த அலுவலர்கள் பதிவேட்டைப் பார்த்தனர். பிள்ளையை யார் பார்த்தார்? பின்னர் 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அட்டைகள் மூலைக்குப் போயின. ஒரு முறை ஏன் கைவிடப்பட்டது, அதில் எது பயன்பட்டது, எது பழுதுபட்டது என்று அதனை நாள்தோறும் கையாண்ட ஆசிரியர் எழுதிய ஒரு நூலேனும் ஆசிரியர்தோறும் சென்று சேர்ந்ததா? பதினைந்தாண்டுப் பட்டறிவு பதிவேட்டோடு கரையானுக்குப் போவதற்குப் பெயர் கல்விச் சீர்திருத்தமாம்!

மாறாக, நன்றாய் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் கற்றதை இழந்தபோது, 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. அதே தெருவில் வாழும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணிநேரம் சிறு குழுவாகப் பிள்ளைகளை அமர்த்திச் சொல்லிக்கொடுத்தனர். ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆய்ந்த பொருளியல் அறிஞர், பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் இழப்பில் மூன்றில் இருபங்கு மீண்டது என்றும், மீண்டதில் 24 விழுக்காடு இத்திட்டத்தாலானது என்றும் கண்டனர். பளிங்குக் கட்டடமா இதனைச் செய்தது? ஒளித்திரையா செய்தது? பக்கத்து வீட்டு அக்கை செய்தாள், பக்கத்து வீட்டு மொழியில்! திண்ணையின் நல்ல கூறு மட்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாய், மீண்டு வந்தது என்றே இதனைக் கொள்ளலாம். அவ்வாய்வறிக்கையும் ஆங்கிலத்திற்றான் உலவுகின்றது. சொல்லிக்கொடுத்த அந்த அக்கைக்கே தன் உழைப்பின் கணக்கு தெரியாது.

இதுவே நோயின் வேர். தமிழ்ப் பிள்ளைகளை ஆய்ந்து, தமிழ் மண்ணில் ஆய்ந்து, முடிவை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலம் அறிந்தோர் அவையிற் படித்துப் பட்டம் பெறுகின்றனர். கல்வியியற் கல்லூரிகளில் ஆண்டுதோறும் குவியும் ஆய்வேடுகள் நூலகத்து அடுக்கில் உறங்குகின்றன. அவற்றிலிருந்து ஆசிரியர்க்கு வருவதெல்லாம் சுற்றறிக்கை வடிவில் நான்கு கட்டளை; அதுவும் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அடித்த கலப்படம். கரணியம் சொல்லாத கட்டளையை ஓர் ஆசிரியர் எப்படி உளமார ஏற்பார்? மாணவனுக்குப் புரியாத மொழியிற் பாடம், ஆசிரியர்க்குப் புரியாத மொழியில் ஆய்வு! இரண்டும் ஒரே நோய்.

பெற்றோர் ஆங்கிலவழியைத்தானே விரும்புகின்றனர் என்பார்க்கு விடை உண்டு. வயிறு சுருக்கி மகளைப் படிக்கவைக்கும் தொழிலாளியைக் குறைசொல்ல எவர்க்கும் உரிமையில்லை. வேலை வாயிலில் ஆங்கிலம் காவலிருப்பதை அவன் கண்ணாற் காண்கின்றான். அவ்வாயிலை அமைத்தவன் அவன் அல்லன். 2010இல் தமிழ்வழியிற் பயின்றார்க்கு மாநில அரசுப்பணியில் 20 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் எஞ்சிய எண்பது யாருக்கு? தாய்நாட்டில் தாய்மொழிக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கீடு என்பதே ஒரு நாணத்தகு செய்தி அன்றோ?

சட்டத்தின் துணையும் வேண்டும்போது கிட்டவில்லை. 1999இல் தமிழறிஞர் 102 பேர் தமிழ்வழிக் கல்விக்காகச் சாகும்வரை உண்ணாநோன்பில் அமர்ந்தனர். அவ்வாண்டே ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழி என்று ஆணையும் பிறந்தது. 2000இல் சென்னை உயர் முறைமன்றம் அவ்வாணையைத் தள்ளிவிட்டது. 2014இல் கன்னட நாட்டு வழக்கில் தில்லி உச்ச மன்றமும் தாய்மொழியைக் கட்டாயமாக்கலாகாது என்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமோ இயன்ற மட்டும் தாய்மொழியிற் கற்பிக்கச் சொல்கின்றது. தில்லியின் 2020 கல்விக்கொள்கையும் அவ்வாறே தேன்தடவிப் பேசிவிட்டு, மும்மொழி என்னும் முள்ளை உள்ளே வைத்திருக்கின்றது. 'இயன்ற மட்டும்' என்னும் சொல்லுக்குள் எத்துணைக் கயமையும் ஒளிந்துகொள்ளும்.

ஆட்சியும் மன்றமும் திருந்தும்வரை ஆசிரியர் கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. வகுப்புக் கதவைச் சாத்தியபின் அங்கே அரசு ஆசிரியரே. பாடவேளையின் முதல் ஐந்து மணித்துளியில் பொத்தகத்தை மூடச்சொல்லி, நேற்றுக் கற்றதில் மூன்று செய்தியும் சென்ற திங்கள் கற்றதில் ஒரு செய்தியும் நினைந்தெழுதச் செய்வதற்கு எந்த அமைச்சரின் ஒப்புதலும் வேண்டா. அதற்கு மதிப்பெண்ணும் வேண்டா. மதிப்பெண் போட்டால் அச்சம் வந்துவிடும், நினைவு ஓடிவிடும். ஐந்து முறை எழுதிவா என்னும் ஒறுப்பை இன்றே நிறுத்தலாம். கிழமைக்கு இருமுறை ஐந்தாம் வகுப்பு மாணவியை இரண்டாம் வகுப்புக் குழந்தையோடு அமர்த்தி வாய்விட்டுப் படிக்கச் செய்யலாம். யார் கற்றார், யார் கற்கவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம். அக்குறிப்பேடே ஆய்வு. ஆங்கிலவழிப் பிரிவில் தள்ளப்பட்ட ஆசிரியரும் தமிழில் விளக்குவதைக் குற்றம்போற் குரல்தாழ்த்திச் செய்யாமல், தலைநிமிர்ந்து செய்யலாம். அவர் பக்கம் உலக ஆய்வு முழுதும் நிற்கின்றது.

அரசிடம் கேட்கவேண்டியதும் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் பற்றி நடைபெறும் ஒவ்வோர் ஆய்வும், யார் செய்யினும், முழுமையும் நல்ல தமிழில் வெளிவந்தபின்னரே அரசுப் பள்ளிக்குள் நுழைய ஒப்புதல் தரவேண்டும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அதற்கென ஒரு திங்களிதழ் நடத்தலாம். அதில் பேராசிரியரைப் போலவே சிற்றூர் ஆசிரியரும் எழுதவேண்டும். ஒரு முறையைக் கொண்டுவருமுன்னும் கைவிடுமுன்னும் அதனைக் கையாள்வோரின் கருத்தை எழுத்தில் வாங்கி அச்சிட வேண்டும்.

குறுவள மையங்களில் ஆசிரியர் கூட்டம் நடைபெறும்போது புதிய தாள் ஒன்று கையில் திணிக்கப்படும். அப்போது தமிழுணர்வுள்ள ஆசிரியர் ஒருவரேனும் எழுந்து, "ஐயா, இதிலுள்ளதை எந்த ஊர்ப் பிள்ளைகளிடம், எந்த மொழியில் ஆய்ந்து பார்த்தனர்? அவ்வாய்வைத் தமிழில் எப்போது தருவீர்கள்?" என்று கேட்கட்டும். விடை வரும்வரை அமராமல் நிற்கட்டும்.